விரல் வைக்கப்பட்ட விதம்

ஜூன் 12, புதன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாற்றுச் சேலை எடுத்து வரவில்லை, அவருக்கு வேட்டி எடுத்து வரவில்லை, வரவு செலவு நோட்டு மட்டும் கைப்பையில் இருக்கிறது. வீடு பற்றி எரிந்தாலும் நான் நோட்டோடுதான் வெளியே வருவேன் போலிருக்கிறது. முன்பக்கம் பால், காஸ், மளிகை. பின்பக்கத்தை இதற்கு ஒதுக்குகிறேன். நேற்று நடந்ததை நேரப்படி எழுதி வைத்தால் யார் கேட்டாலும் சொல்ல வசதி.

காலை 10.20: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் அவர் பனியன் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. திருப்பூரில் இருபத்தாறு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். மெஷின் கத்தியில் துணி சிக்கியது என்று வலது கையை விட்டிருக்கிறார். இரும்புக் கையுறை சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அடியோடு போய்விட்டது.

10.25: வெட்டு வேஸ்ட் குவியலில் விரலைத் தேடி எடுத்தது மாராத்தா. ஒன்பது வருஷமாக எங்களிடம் துணி விரிக்க வருகிறவள்.

10.30: விரல் டிபன் பாக்ஸில், ஐஸில் வைக்கப்பட்டது.

10.40: வேன் கிளம்பியது.

12.10: ஆஸ்பத்திரி. டாக்டர் ஹசீனா டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்டார். பதில் சொன்னேன். இந்த விரலை இனி ஒட்ட முடியாது என்றார்.

மேற்படி விவரங்கள் சரி.

ஜூன் 13, வியாழன்

காபி மூன்று டம்ளர் வாங்கியிருக்கிறேன். ஒன்றையும் குடித்த ஞாபகம் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

டாக்டர் ஹசீனா வந்து விவரமாகப் பேசினார். ஆள் சின்னது. முதல் நாள் கல்லூரிப் பெண் என்று நினைத்து, "கண்ணு, டாக்டர் வர்ற நேரம், சித்த தள்ளி நில்லு" என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் தள்ளியும் நின்றிருக்கிறார்.

கட்டைவிரல் இல்லாவிட்டால் பாதிக் கை இல்லாத மாதிரியாம். இடது காலில் இரண்டாவது விரலை எடுத்துக் கையில் வைத்துவிடலாமாம். எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே தைப்பார்களாம். தைக்கிற நூல் தலைமுடியை விட மெலிசாம்.

இவர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, "இஞ்சுக்கு எத்தன தையலுங்க வரும்?" என்று கேட்டார்.

"இஞ்சா? குழாயே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைச் சுத்தி எட்டு தையல்."

இவர் இடது கை விரல்களில் எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்கூர்ல அப்பிடி டெய்லர் கெடைக்க மாட்டாங்க" என்றார். பிடித்துவிட்டது அவருக்கு. தையல் நன்றாக இருந்தால் மனுஷன் எதையும் நம்புவார்.

எனக்குத்தான் சங்கடம். "கால் வெரலுங்களே டாக்டர். அந்தக் கையிலதான சோறு திங்கோணும், சாமி கும்புடோணும்" என்றேன்.

"ஆமாம்மா. அதுக்குத்தான் வெக்கறோம்."

இரண்டாவது விரல் என்றால் பெண்களுக்கு மெட்டி போடுகிற விரல். கல்யாணத்தன்று குனிந்து என் காலைப் பிடித்து மெட்டி போட்டார். இப்போது அவருடைய அதே விரலுக்குக் காலிலிருந்து கைக்குப் பதவி உயர்வு. எனக்கு மனசு ஆறவில்லை. வராண்டாவுக்குப் போய் எங்கள் கோயில் பூசாரிக்குப் போன் செய்து, கால் விரலால் திருநீறு பூசலாமா என்று கேட்டேன்.

"அம்மிணி, அங்கப்பிரதட்சணம் பண்றப்ப காலக் கழட்டி வெளிய செருப்போட வெச்சுட்டா உருளறோம்? வெய்யி போன" என்றார்.

சாயந்திரம் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மாராத்தா ஏம்புள்ள அப்பிடிப் பண்ணுனா? வெவரமானவதான" என்றார்.

"பதட்டத்துல பண்ணிருப்பா. விடுங்க" என்றேன். பெருந்தன்மையாகப் பேசியதாக அப்போது எனக்கே தோன்றியது.

ஜூன் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். புண் ஆறிய பிறகு 26ஆம் தேதி ஆபரேஷன்.

இன்று மாராத்தா மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். "அண்ணா, வலி எப்பிடிங்க இருக்குது?" என்றாள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் சமையலறையில் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுக் கொத்தமல்லி முழுவதையும் கிள்ளியிருக்கிறேன். இருவர் சாப்பிடும் ரசம்.

நோட்டில் பொய் எழுதுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். 12ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். 10.30 வரியில் பொய் இல்லை. ஆள்தான் இல்லை.

ஆள் நான். மாராத்தா கொடுத்த விரலைக் கையில் வாங்கிப் பூஜை அறைக்கு ஓடினேன். மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று பத்திரிகையில் படித்து வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், அதனால் மஞ்சள் தூளில் புரட்டினேன். மலைக்கோயில் திருநீறு காக்கும் என்று அதையும் மேலே கொட்டினேன். சந்தனக் கிண்ணத்தில் வைத்து முருகனுக்கு ஒரு நிமிஷம் காட்டினேன். பிறகு டிபன் பாக்ஸில் ஃப்ரிட்ஜ் ஐஸ் மொத்தத்தையும் போட்டு நடுவில் புதைத்தேன். இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும் என்று நினைத்தேன். மீனுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்.

ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். விரலில் ஐஸ் படவே கூடாதாம். பட்டால் உறைந்துவிடுமாம். பொடி எல்லாம் குழாய்க்குள் போயிருந்ததாம். நான்தான் தெருவில் ஒருவர் தும்மினால் கூப்பிடாமலே கஷாயத்தோடு போய் நிற்கிற ஆள்.

டாக்டர் "யார் வெச்சது?" என்று வேனில் கூட வந்த அக்கம்பக்கத்தார் முன்னால் கேட்டதும், "வேலைக்கு வர்ற மாராத்தாதானுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. வாய்தான் சொன்னது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"சரியாக் கொண்டுவந்திருந்தாலும் நிச்சயம்னு சொல்ல முடியாதும்மா" என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூங்குகிறேன்.

ஜூன் 19, புதன்

முருகா, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் செவ்வாய்க்கிழமை தோறும் விரதம். காபியை விட்டுவிடுகிறேன்.

ஜூன் 20, வியாழன்

காபி காலையில் மட்டும்.

ஜூன் 26, புதன்

காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி காலை ஆட்டிக் காட்டி, "அதுக்கு டாட்டா சொல்லு புள்ள, கையாத் திரும்பி வரும்" என்றார். நான் நிஜமாகவே அந்த விரலைப் பார்த்துக் கையசைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என்னிடமிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்.

பத்து மணி நேரம். நூற்றெட்டுப் போற்றி பதினாறு தடவை சொன்னேன். பதினேழாவதில் நடுவில் மாராத்தா பெயர் வந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் வந்தது. விட்டுவிட்டேன்.

ஐந்தேகாலுக்கு டாக்டர் ஹசீனா வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "ரத்தம் ஓடுதும்மா" என்றார். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை அவருக்கு. நான் கும்பிட்டேன். நான் கும்பிட்டதெல்லாம் இப்போது யாருக்குப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

லிஸி சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். மணிக்கொரு தடவை விரலைப் பார்க்க வேண்டும். நிறம், சூடு, அமுக்கி எடுத்தால் நிறம் எத்தனை எண்ணுவதற்குள் திரும்புகிறது. வெளுத்தால் ரத்தம் போகவில்லை. கருநீலமானால் ரத்தம் திரும்பி வரவில்லை. அறையில் குளிர் கூடாது. அவருக்குக் காபி, டீ கூடாது, குழாய் சுருங்கிவிடுமாம். அவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் எழுதுவது என்று வந்துவிட்டால் நான் யாரையும் நம்புவதில்லை. பக்கத்துக்கு நாலு கட்டம் போட்டுவிட்டேன்.

8.00: இளஞ்சிவப்பு. சூடு உண்டு. இரண்டு.

9.00: அதே.

10.00: அதே. இவர் காபி கேட்டார். இல்லை.

11.00: அதே. இவர் காபியை மோந்து மட்டும் பார்க்கட்டுமா என்று கேட்டார். இல்லை.

12.00: அதே. இவர் என்னோடு பேசவில்லை.

பால், காஸ் கணக்கு எழுதியபோது இத்தனை மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் வந்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள்.

ஜூன் 28, வெள்ளி

பகல் 1.00: இளஞ்சிவப்பு. இரண்டு.

2.00: கொஞ்சம் சிவப்பு கூட. ஒன்றரை.

2.20: செம்பருத்திப் பூ. ஒன்று எண்ணுவதற்குள் திரும்புகிறது.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "நல்லா சீக்கிரம் திரும்புதே ஆன்ட்டி, நல்லதுதானே?" என்றது புதிதாக வந்த ஒரு பெண். நல்லதில்லை கண்ணு, நேற்று முழுக்க இரண்டு, இப்போது ஒன்று, கணக்கு இடிக்கிறது என்று நோட்டைக் காட்டினேன். அது லிஸி சிஸ்டரைக் கூட்டி வந்தது.

2.35: நாவல்பழம்.

அதற்குப் பிறகு கட்டம் போட நேரமில்லை. டாக்டர் ஓடிவந்து பார்த்த கையோடு தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வருகிற குழாயில் ரத்தம் கட்டியிருந்ததாம். வேறொரு குழாய் எடுத்து வைத்து மறுபடி தைத்திருக்கிறார்கள்.

6.30: இளஞ்சிவப்பு. இரண்டு.

டாக்டர் ஹசீனா என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "சரியான நேரத்துல சொன்னீங்கம்மா. உங்களை மாதிரி ஒருத்தர் அன்னைக்கு உங்க வீட்டுல இருந்திருக்கலாம்" என்றார்.

இருந்தேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

வீடு. கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி இவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கட்டின் நுனியில் தெரிகிற நகத்தைக் காட்டுகிறார். பேரன் பிறந்த வீட்டில்கூட இத்தனை பேர் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

தண்ணீர் கொடுக்கும்போது அந்த விரல் என் கையில் பட்டது. இவர் சட்டென்று இடது கையால் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்னிச்சுக்க புள்ள, கால் பட்டிருச்சு" என்றார்.

இதை மூன்று நாளாகச் செய்கிறார். சிரிப்பு வருகிறது. மன்னிப்பு என்ற வார்த்தை காதில் விழும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஜூலை 14, ஞாயிறு

சந்தையில் மாராத்தா என்னை மறித்தாள். ஒரு மாதமாக வேலை இல்லை அவளுக்கு. ஷெட் பூட்டியிருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அவள் கேட்டது அதில்லை.

"ஏனுங்கக்கா, அண்ணன் ஏன் எனக்கு மூஞ்சி குடுக்க மாட்டேங்கறாரு? நான் என்ன பண்ணுனேன்?"

"வலியில இருக்காரு மாராத்தா."

"வலியில இருக்கறவரு பக்கத்துத் தெரு லோகநாதண்ணன்கிட்டயெல்லாம் சிரிச்சுப் பேசறாருன்னு சொல்றாங்க. எங்க தெருவுல என்னென்னமோ பேசறாங்கக்கா. வெரலக் கெடுத்தவன்னு தண்ணிக் கொழாய்ல ஒருத்தி சொல்றா. நான் என்னத்தக் கெடுத்தேன்?"

நான் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சனங்க ஏதாச்சும் பேசும். விடு" என்றேன்.

அவள் என் கண்ணையே பார்த்தாள். பிறகு, "அந்தக் கத்தரிக்கா சொத்தைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொத்தைதான். வாங்கிவிட்டேன்.

ஜூலை 29, திங்கள், ஆடிக் கிருத்திகை

இதுவரை நேர்ந்துகொண்டவை: செவ்வாய் விரதம். கிருத்திகை விரதம். காபி (காலை நீங்கலாக). படியேறுவது, பதினோரு தடவை. பால் காவடி, அவருக்குச் சரியானதும். நூற்றெட்டுத் தேங்காய். இந்த வாரம் புதிதாக, மௌன விரதம், தினமும் ஒரு மணி நேரம்.

இவர் மௌன விரதத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனார். "வெரல் நல்லாத்தான புள்ள இருக்குது? டாக்டர் என்கிட்ட மறைச்சு உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார்.

மௌனத்தில் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

முருகனிடம் இத்தனை கொடுக்கிறேன் என்று சொல்கிறேனே, அவன் கேட்பது ஒன்றே ஒன்று என்று எனக்குத் தெரியாதா? அது மட்டும் பட்டியலில் இல்லை. உப்பு கேட்டால் கடைக்காரன் ஊறுகாய், அப்பளம், வடகம் என்று எல்லாவற்றையும் எடுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது என் பக்தி.

ஆகஸ்ட் 12, திங்கள்

எலும்பில் குத்தியிருந்த கம்பியை எடுத்தாகிவிட்டது. இப்போது பயிற்சி. பிசியோதெரபி பெண் ஒரு தட்டில் பட்டன்களைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் புது விரலால் எடுக்கச் சொல்கிறது. இருபத்தாறு வருஷம் ஒரே வெட்டில் அறுபது மடிப்புத் துணி வெட்டியவர் ஒரு பட்டனை எடுக்க வேர்த்துப்போகிறார். விரலில் உணர்ச்சி வர மாதக்கணக்காகுமாம். கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இன்று ஏழு பட்டன். எட்டாவது உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. "காலுக்கு ஞாபகம் வந்து ஒதச்சிருச்சு" என்றார்.

போன் பட்டனை அந்த விரலால்தான் அமுக்க வேண்டும் என்றும் பெண் சொல்லியிருக்கிறது. இடது கை உதவக் கூடாது, நானும் உதவக் கூடாது.

ஆகஸ்ட் 21, புதன்

லோகநாதன் போன் செய்தார். பக்கத்துத் தெருவில் கட்டிங் யூனிட் வைத்திருப்பவர், இவருக்கு நெருக்கம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மாராத்தா வேலை கேட்டு வந்திருக்கா மாஸ்டர். ஒங்ககிட்ட இருந்தவ. வெச்சுக்கலாமா? ஆள் எப்பிடி?"

இவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம சொல்றனுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "அவ வயித்துல அடிக்கோணும்னு இல்ல புள்ள. ஆனா நாளைக்கு அங்கயும் ஒருத்தனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? தெரிஞ்சே சொல்லாம இருந்தா பாவம் என்னைத்தான சேரும்" என்றார்.

தெரிந்தே சொல்லாமல் இருந்தால் பாவம். சோறு பரிமாறிக்கொண்டே கேட்டேன். அவருக்குச் சோறு வைத்த தட்டிலேயே மறுபடி சோறு வைத்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலை பதினொன்றே காலுக்கு இவர் போனை மேஜை மேல் வைத்து நேராக உட்கார்ந்தார். பழைய பட்டன் போன். லோகநாதன் நம்பரைச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தார். "பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு" என்றார்.

பத்து இலக்கம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

முதல் எண் ஒன்பது. விரல் நடுங்கி எட்டில் போய் விழுந்தது. அழித்தார். மறுபடி ஒன்பது. சரி. நாலு. சரி. அடுத்ததும் நாலு. இந்த விரலுக்காக எத்தனை நாள் நான் கட்டம் போட்டேன், அது முதன்முதலாகத் தனியாக ஒரு காரியம் செய்கிறது, அந்தக் காரியம் மாராத்தாவின் பிழைப்பைக் கெடுப்பது. இரண்டு. தவறி ஐந்து. அழித்தார். இரண்டு. நெற்றியில் வேர்வை. "துடைச்சு உடு புள்ள" என்றார். துடைத்தேன். ஐந்தாவது எண். ஆறாவது. பத்தாவது வரை இருக்கிறதே, எட்டாவதில் சொல்லலாம் என்று தோன்றியது. பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது என்கிற மாதிரி. நான் அவ்வளவு கேவலமான ஆள். ஏழாவது. எட்டாவது. எட்டாவது சீக்கிரமாக விழுந்துவிட்டது, நான் எதிர்பார்க்கவில்லை. விரல் பழகிவிட்டது. ஒன்பதாவது எண் ஒன்று.

"வெச்சது நானுங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "எத?"

"வெரல. மஞ்சத்தூளு போட்டு, துன்னூறு போட்டு, ஐஸ்ல வெச்சது நானுங்க. மாராத்தா இல்லீங்க. டாக்டர்கிட்ட அவ பேரச் சொன்னதும் நான்தானுங்க."

புது விரல் பத்தாவது பட்டனுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்பு. பிறகு அது இறங்கிப் பட்டனை அமுக்கியது. சரியாக விழுந்தது.

லோகநாதன் எடுத்தார். "சொல்லுங்க மாஸ்டர்."

"மாராத்தாவ வெச்சுக்காதீங்க" என்றார் இவர்.

என் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்தது.

"எனக்கு வேணும் அவ. ஷெட்டத் தொறக்கப் போறனுங்க. அவளாட்டம் துணி விரிக்கறவ ஊருக்குள்ள இல்ல" என்றார். போனை வைத்தார். எழுந்து போய் வாசலில் உட்கார்ந்தார்.

வெங்காயத்தைப் பொறுக்கி உரித்து முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் கையிலேயே இருந்தது, வசதியாகப் போயிற்று.

ஆகஸ்ட் 24, சனி

பேசவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேசவில்லை. சாப்பிட்டார். தட்டை அவரே கழுவினார், புது விரலால் பிடித்து.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

விரதம் இருக்கவில்லை. முருகனிடம் காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

ஒன்பதாம் நாள். காலையில் ஆணியில் கிடந்த இரும்புக் கையுறையை எடுத்துத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சரியா வெச்சிருந்தாலும் அந்த வெரல் சேந்திருக்குமான்னு தெரியாதுன்னு டாக்டரு சொன்னாங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கையுறை போடாதவனும் நான்தான். ஆனா அந்தப் புள்ளைய நான் சுவத்தப் பாத்துப் படுத்து அனுப்புனேன் பாரு. அதப் பண்ண வெச்ச நீ" என்றார்.

கையுறையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாராத்தா வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் எங்கள் வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்வாள். அவள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்றே நான் விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது.

உட்காரச் சொன்னாள். டீ கொடுத்தாள். குடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"அண்ணன் ஒருத்தரு நம்புனாப் போதுமாங்க்கா? நான் குடியிருக்கறது இந்தத் தெருவுல. கொழாய்ல என்னையப் பாத்தா கொடத்தத் தள்ளி வெக்கறாளுக. எம்புள்ளையப் பள்ளிக்கூடத்துல கேக்குதுக." மடித்த சேலையை அடுக்கில் வைத்துத் தட்டினாள். "புதன்கிழமை தண்ணி வரும். வந்து அங்க சொல்லுங்க. அப்பறம் வேலைக்கு வர்றதப் பத்திப் பேசலாம்."

"எல்லார் முன்னாலயுமா?"

"என்னையச் சொன்னதும் எல்லார் முன்னாலயும்தானுங்களே."

செப்டம்பர் 4, புதன்

காலை ஏழு மணிக்குக் குழாயடி. எட்டு நாளைக்கொரு தடவை வருகிற தண்ணீர். நாற்பது பெண்கள் இருப்பார்கள். நேற்று முழுக்க ஒரு பிரசங்கம் தயார் செய்து நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். "தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு குடம் என் காலில் இடித்தது. தேர்தலுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாராத்தா வரிசையில் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவில்லை.

பிரசங்கத்தைக் கைவிட்டேன். குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, குடம் நிறைகிற நேரத்துக்கு அந்தந்தப் பெண்ணிடம் தனித்தனியாகச் சொன்னேன். நான் நாச்சிமுத்து மாஸ்டர் வீட்டுக்காரி, விரலைக் கெடுத்தது நான், மாராத்தா இல்லை. ஒரு குடத்துக்கு ஒரு தடவை. முதல் ஆறு குடம் வரை வாய் குழறியது. ஏழாவது குடத்தில் கதை சரளமாக வர ஆரம்பித்தது. பத்தாவதில் நானே கொஞ்சம் ரசித்துச் சொல்கிறேன் என்று தெரிந்து வெட்கமாகப் போயிற்று. ஒருத்தி, "ஏனக்கா, மீனாட்டமா ஐஸ்ல போட்டீங்க?" என்று சிரித்தாள். ஒருத்தி, "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணிருப்பேன்" என்றாள். ஒருத்தி என் சேலையையும் வளையலையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். அவள் பார்த்ததுதான் சரி.

சொல்லி முடித்தவர்கள் போகாமல் நின்று, புதிதாக வருகிறவளுக்கு நான் சொல்வதையும் கேட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாராத்தா குடத்தோடு முன்னால் வந்தாள்.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"எல்லாம் சொல்லிட்டேன் மாராத்தா."

"ஒண்ண உட்டுட்டீங்க."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் வீணாகக் கீழே ஓடியது. யாரும் குடத்தை வைக்கவில்லை.

இந்த நோட்டில் எங்கேயும் நான் எழுதாதது அது. இவரிடமும் சொல்லாதது. விரலை என் கையில் கொடுக்கும்போதே மாராத்தா சொன்னாள். முன்னே மில்லில் வேலை செய்தபோது சுவரில் படம் ஒட்டியிருந்ததாம். "அக்கா, ஈரத்துணியில சுத்திக் கவர்ல போட்டு அப்பறம் ஐஸ்ல வெக்கோணுங்க, நேரா வெக்கக் கூடாதுங்க." சொன்னது மட்டுமில்லை, பூஜை அறை வாசல் வரை பின்னாலேயே வந்தாள், கையில் ஈரத்துணியோடு.

"இவ எங்கிட்டச் சொன்னா" என்றேன். "எப்பிடி வெக்கோணும்னு சரியாச் சொன்னா. ஈரத்துணியக்கூட எடுத்துட்டு வந்தா. நான்தான், உனக்கென்னடி தெரியும், வெளிய நில்லுன்னு கதவச் சாத்துனேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மாராத்தா தலையை ஆட்டினாள். "நாளைக்கு எட்டு மணிக்கு வர்றனுங்க" என்றாள். "இப்ப நவுருங்கக்கா, எம்பட கொடம்."

நகர்ந்தேன்.